உங்கள் கைக்கு எந்த மட்டை? டென்னிஸ் மட்டையின் 150 ஆண்டுக் கதை



நம் டென்னிஸ் கோர்ட்டுக்குப் புதுத் தரை போட்டு, விளக்குகளும் மாற்றிய பிறகு காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் ஆட இடம் கிடைப்பது சிரமமாகிவிட்டது. சங்கத்துக்கு இது சந்தோஷமான சிரமம்தான். அதோடு சேர்ந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியும் வாரம் தவறாமல் வருகிறது: "என்ன ராக்கெட் வாங்கலாம்?" ஒருவர் கேட்பார், பத்துப் பேர் பத்து மாடல் சொல்வார்கள். கேட்டவர் கடைசியில் டிவியில் தனக்குப் பிடித்த வீரர் எதை வைத்து ஆடுகிறாரோ அதையே 15,000, 20,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிடுவார்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதச் சொல்லி ஆசிரியர் குழு என்னைக் கேட்டது. நான் பயிற்சியாளர் இல்லை. வங்கியில் பேரேட்டோடு காலம் கழித்தவன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஆட்டத்தையும் விடாமல் ஆடி வருகிறேன், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் வருகிறேன். மாடல் பெயர்களை அடுக்குவதைவிட, இந்த மட்டை எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று சொன்னால் உங்களுக்கு எது பொருந்தும் என்பது தானாகவே விளங்கும் என்று நினைக்கிறேன். ராக்கெட் என்று எழுதினால் ஸ்ரீஹரிகோட்டா ஞாபகம் வரும் என்பதால் இனி மட்டை என்றே எழுதுகிறேன்.

உள்ளங்கையில் தொடங்கிய ஆட்டம்

டென்னிஸின் முன்னோடி பிரான்சு நாட்டில் வெறும் கையால் ஆடப்பட்டது. அந்த ஆட்டத்தின் பிரெஞ்சுப் பெயருக்கே "உள்ளங்கை ஆட்டம்" என்றுதான் பொருள். கை வலிக்கவே கையுறை வந்தது, பிறகு பலகை வந்தது, அதற்கும் பிறகு நரம்பு கட்டிய மட்டை வந்தது. அதாவது மட்டை பிறந்ததே கையைக் காப்பாற்றுவதற்காகத்தான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாம் இன்று ஆடும் புல்வெளி டென்னிஸுக்கு 1874இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் மேஜர் வால்டர் விங்ஃபீல்ட். வலை, கம்பம், ரப்பர் பந்து, மட்டை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றார். புல் தரையில் எழும்பும் ரப்பர் பந்து அதற்குச் சற்று முன்புதான் சாத்தியமாகியிருந்தது. அந்தக் காலத்து மட்டைகள் சிலவற்றில் தலைப்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தாழ்ந்து வரும் பந்தை வாரி எடுக்க அந்தச் சாய்வு உதவியது.

முதல் விம்பிள்டன் போட்டி 1877இல் நடந்தது. 22 பேர் பெயர் கொடுத்தார்கள். வென்றவர் ஸ்பென்சர் கோர். மற்றவர்கள் பின்னால் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது இவர் வலைக்கு அருகில் வந்து, பந்து தரையில் படும் முன்பே அடித்துவிடுவார். அடுத்த ஆண்டு அவரைத் தோற்கடித்தவர் ஃபிராங்க் ஹேடோ என்பவர். இலங்கையில் தோட்டத்துரையாக இருந்து, விடுமுறையில் ஊருக்கு வந்தவர். வலைக்கு வந்து நிற்பவரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தால் என்ன என்று யோசித்தார். அந்த 'லாப்' அடிதான் அவருக்குக் கோப்பையை வாங்கித் தந்தது. இருவரிடமும் இருந்தது ஏறக்குறைய ஒரே மாதிரி மர மட்டை. ஆட்டம்தான் வேறு. ஆட்ட பாணி முதலில் வந்தது, அதற்கேற்ற மட்டை பிறகுதான் வந்தது.

மரமும் குடலும்

அதன்பின் ஏறத்தாழ 100 ஆண்டுகள் மர மட்டையின் ராஜ்ஜியம்தான். பெரும்பாலும் ஆஷ் என்னும் மரம். மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்து உறுதியாக்கினார்கள். 1930களில் வந்த டன்லப் மேக்ஸ்ப்ளை அந்த வகையில் மிகப் பிரபலமானது. ராட் லேவர் போன்றவர்கள் கையில் இருந்தது அதுதான்.

மர மட்டையின் கணக்கைப் பாருங்கள். தலைப்பகுதியின் பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம். எடை 370 முதல் 400 கிராம். தலையை இதைவிடப் பெரிதாக்கினால் நரம்பின் இழுவிசையை மரம் தாங்காது, கோணிக்கொள்ளும். சிறிய தலையில் பந்து நடுவில் பட்டால்தான் சரியாகப் போகும். இப்போது 'ஸ்வீட் ஸ்பாட்' என்கிறோமே, அது மர மட்டையில் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். ஆகவே அந்தக் காலத்தில் நீண்ட, நிதானமான வீச்சு எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது.

நரம்பு என்று சொல்வது உண்மையிலேயே குடல்தான். முதலில் ஆட்டின் குடல், பிறகு மாட்டின் குடல். பிரான்சின் லியோன் நகரில் இசைக் கருவிகளுக்கு நரம்பு செய்துகொண்டிருந்த பாபோலா நிறுவனம் 1875லேயே டென்னிஸ் மட்டைக்கும் செய்யத் தொடங்கியது. மட்டைக்கு நரம்பு மாற்றுவதை நம் ஊர்க் கடைகளில் இன்றும் 'கட்டிங்' என்கிறார்கள். 'கட்' என்றால் குடல், அதிலிருந்து வந்த சொல் இது. வேறு கட்டிங்கை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்!

எங்கள் வங்கியின் மனமகிழ் மன்றத்தில் 1980களின் தொடக்கத்தில் நான் கையில் எடுத்ததும் மர மட்டைதான். பிரிவினைக்கு முன் சியால்கோட்டில் கொடிகட்டிப் பறந்த விளையாட்டுப் பொருள் தொழில், பிறகு ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் இடம் மாறியிருந்தது. எங்களுக்கு மட்டைகள் அங்கிருந்து வந்தன. ஆட்டம் முடிந்ததும் நான்கு திருகு வைத்த மரப் பிரஸ்ஸில் மட்டையை இறுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைந்துபோகும். ஐப்பசி கார்த்திகை மழையில் குடல் நரம்பு ஊறித் தளர்ந்துவிடும் என்பதால் அந்த இரண்டு மாதமும் மன்றத்தில் கேரம்தான்.

இந்த மர மட்டையை வைத்துக்கொண்டுதான் நம் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டு கோப்பையை வென்றவர்கள் அவர்களேதான். கிருஷ்ணன் பந்தை ஓங்கி அடித்து வென்றவர் அல்ல. இடம் பார்த்து வைத்து, எதிராளியை ஓட விட்டு வென்றவர். சிறிய தலை கொண்ட கனமான மட்டை அந்த நுட்பத்துக்குத் துணை நின்றது.

எஃகு மட்டையும் இரண்டு குணங்களும்

மரத்துக்கு முதல் பெரிய போட்டி எஃகிலிருந்து வந்தது. முதலைச் சின்னம் போட்ட டி-ஷர்ட் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ரெனே லகோஸ்ட் 1920களின் பெரிய டென்னிஸ் வீரர். அவர் வடிவமைத்த எஃகுக் குழாய் மட்டையை 1967இல் அமெரிக்காவின் வில்சன் நிறுவனம் 'டி-2000' என்ற பெயரில் விற்றது. அதே ஆண்டு பில்லி ஜீன் கிங் எஃகு மட்டையோடு அமெரிக்கப் பட்டத்தை வென்றார்.

இந்த மட்டையில் நரம்புகள் சட்டத்தின் துளைகள் வழியாகப் போகாது. சட்டத்தைச் சுற்றிய கம்பி வளையங்களில் மாட்டப்பட்டிருக்கும். பந்து பட்டவுடன் துள்ளிப் பறக்கும். எங்கே போகும் என்பது வேறு விஷயம்! பலர் வாங்கிப் பார்த்துவிட்டு மரத்துக்கே திரும்பினார்கள். ஜிம்மி கானர்ஸ் மட்டும் அதையே பிடித்துக்கொண்டார். அவருடைய அடி தட்டையானது. எதிராளி அனுப்பும் வேகத்தையே வாங்கித் திருப்பி அனுப்புவார். 1974இல் அந்த மட்டையோடு ஆஸ்திரேலிய, விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் மூன்றையும் வென்றார்.

அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் ஆர்தர் ஆஷ் அவரைத் தோற்கடித்த விதத்தைப் படித்தால் ரசிப்பீர்கள். வழக்கமாக வேகமாக அடிக்கும் ஆஷ் அன்று வேகத்தையே கொடுக்கவில்லை. மெதுவாக, தாழ்வாக, அகலமாகப் பந்தைப் போட்டார். வாங்கித் திருப்ப வேகம் கிடைக்காமல் கானர்ஸ் திணறினார். ஒரு மட்டை ஒரு பாணிக்கு எவ்வளவு பலமோ, அந்தப் பாணி மாட்டிக்கொள்ளும்போது அவ்வளவு பலவீனமும் ஆகிவிடுகிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு இது புரியும். இது இரட்டைப் பதிவு முறைதான். ஒரு பக்கம் வேகத்தை வரவு வைத்தால் இன்னொரு பக்கம் கட்டுப்பாட்டைப் பற்று எழுதியாக வேண்டும்.

சரியாக ஆட வராத இன்ஜினீயர்

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் ஹோவர்ட் ஹெட். அமெரிக்க விமானப் பொறியாளர். உலோகப் பனிச்சறுக்குப் பலகைகளை உருவாக்கி, அந்தக் கம்பெனியை 1969இல் விற்றுவிட்டு, ஓய்வுக் காலத்தில் டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போனார். நம்மில் பலரைப் போலத்தான்! ஆனால் ஆட்டம் சரியாக வரவில்லை. பந்து எறியும் இயந்திரம் வாங்கிப் பழகினார். அதுவும் சரியில்லை என்று அதைத் திருத்தப் போய், அதைத் தயாரித்த பிரின்ஸ் கம்பெனியிலேயே பங்குதாரர் ஆகிவிட்டார். அப்படியும் ஆட்டம் தேறவில்லை.

நாமாக இருந்தால் வயதாகிவிட்டது என்று விட்டிருப்போம். அவர் பொறியாளர் ஆயிற்றே. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை கையில் திருகிக்கொள்கிறது, அதனால்தான் பந்து தவறுகிறது என்று கண்டுபிடித்தார். திருகாமல் இருக்க வழி என்ன? ஓரங்களில் எடையைக் கூட்டிப் பார்த்தார், மட்டை கனத்துப் போயிற்று. பிறகு அகலத்தைக் கூட்டினார். இங்கே ஒரு சின்னக் கணக்கு. திருகலை எதிர்க்கும் சக்தி, எடை கூடும் அளவுக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். ஆனால் அந்த எடை நடுவிலிருந்து இருக்கும் தூரம் கூடினால், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தூரம் 2 மடங்கானால் எதிர்ப்பு 4 மடங்கு. தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1976இல் அவருடைய 110 சதுர அங்குல அலுமினிய மட்டை, பிரின்ஸ் கிளாசிக், கடைக்கு வந்தது. மர மட்டையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆடத் தெரியாதவர்களுக்கான மட்டை என்றார்கள். 1978இல் பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுப் பெண் அந்த மட்டையோடு அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் மார்ட்டினா நவரத்திலோவாவை வென்று இறுதிக்குப் போனதும் சிரிப்பு நின்றது. சில ஆண்டுகளில் எல்லாக் கம்பெனிகளும் தலையைப் பெரிதாக்கத் தொடங்கின.

ஓர் உலக சாம்பியனின் பலத்துக்காகப் பிறந்த மட்டை அல்ல இது. சுமாராக ஆடும் ஒருவர் தன் குறையைத் தானே உட்கார்ந்து ஆராய்ந்து, அதற்கென்று செய்துகொண்டது. கடைக்குப் போகும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே: என் குறை எது?

1977இல் வந்த தடை

ஆச்சரியமான செய்தி ஒன்று. 1978 வரை டென்னிஸ் விதிப் புத்தகத்தில் மட்டை என்றால் என்ன என்பதற்கு வரையறையே கிடையாது. எதை வைத்து வேண்டுமானாலும் ஆடலாம். அந்த நிலையை மாற்றியது 'ஸ்பகெட்டி' மட்டை. வெர்னர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. இரண்டு அடுக்கு நரம்பு, நடுவே குழாய்கள். பந்து படும்போது நரம்புகள் வழுக்கி நகர்ந்து மீண்டும் தன் இடத்துக்குத் துள்ளும். பந்து பம்பரமாகச் சுழலும்.

1977 அக்டோபரில் பிரான்சில் நடந்த ஒரு போட்டியில் இலி நஸ்டாசே இந்த மட்டையோடு கில்லெர்மோ விலாஸை எதிர்த்து ஆடினார். களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் வென்றிருந்த விலாஸ், இரண்டு செட் முடிந்ததும் இந்த மட்டைக்கு எதிராக ஆட முடியாது என்று வெளியேறினார். உலக டென்னிஸ் கூட்டமைப்பு உடனே அந்த மட்டைக்குத் தடை போட்டது, 1978இல் மட்டைக்கு விதியும் எழுதியது. இன்றைய விதிப்படி மட்டையின் நீளம் 29 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கடையில் பெரியவர்களுக்கு விற்பது பெரும்பாலும் 27 அங்குலம்தான்.

கிராஃபைட்: 85க்கும் 107க்கும் நடந்த போட்டி

1980களில் கார்பன் இழையில் செய்த கிராஃபைட் மட்டைகள் வந்தன. மரத்தைவிட லேசு, எஃகைவிட உறுதி, எந்த வடிவத்துக்கும் வார்க்கலாம். 1981இல் விம்பிள்டனை மர மட்டையோடு வென்ற ஜான் மெக்கன்ரோ சீக்கிரமே கிராஃபைட்டுக்கு மாறினார். 1983இல் யானிக் நோவா பிரெஞ்சு ஓப்பனை மர மட்டையோடு வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் மர மட்டைக்குக் கிடைத்த கடைசி ஆண்கள் பட்டம் அதுதான்.

மாறாதவர்கள் கதை வருத்தமானது. 11 கிராண்ட் ஸ்லாம் வென்ற பியோன் போர்க் 26 வயதில் ஓய்வு பெற்று, 1991இல் மான்டி கார்லோவில் தன் பழைய மர மட்டையோடு திரும்ப வந்தார். ஜோர்டி அரேஸ் என்பவரிடம் 2-6, 3-6 என்று தோற்றார். ஆட்டம் மறந்துபோனது ஒரு காரணம் என்றால், எதிரே இருந்தவர்கள் அனைவரும் வேறு கருவிக்கு மாறியிருந்தது இன்னொரு காரணம்.

மட்டைத் தேர்வுக்கு நல்ல பாடம் 1990களில் கிடைத்தது. பீட் சாம்ப்ராஸும் ஆண்ட்ரே அகாசியும் ஒரே நாட்டுக்காரர்கள். வயதில் ஓராண்டுதான் வித்தியாசம். சாம்ப்ராஸின் மட்டை 85 சதுர அங்குலம், 380 கிராமுக்குக் குறையாத எடை, குடல் நரம்பை மிக இறுக்கமாகக் கட்டியது. அகாசியுடையது 107 சதுர அங்குலம். ஏன் இந்த வித்தியாசம்? சாம்ப்ராஸ் சர்வீஸ் போட்டு வலைக்கு வருபவர். நீண்ட வீச்சு, அசுர பலம். அவருக்கு வேகம் தானாகவே இருந்தது, தேவைப்பட்டது கட்டுப்பாடு. அகாசி பேஸ்லைனை விட்டு நகராமல், பந்து எழும்பும்போதே குறுகிய வீச்சில் அடிப்பவர். எதிராளியின் 200 கிலோமீட்டர் வேக சர்வீஸைத் திருப்ப அவருக்கு அகலமான பரப்பு தேவைப்பட்டது. 1995 ஆஸ்திரேலிய இறுதியில் அகாசி வென்றார். 1999 விம்பிள்டன் இறுதியில் சாம்ப்ராஸ் வென்றார். இருவரும் மட்டையை மாற்றிக்கொண்டு ஆடியிருந்தால் இருவருமே திணறியிருப்பார்கள்.

சாம்ப்ராஸுக்கும் ஒரு குறை இருந்தது. 14 கிராண்ட் ஸ்லாம் வென்றும் பிரெஞ்சு ஓப்பன் மட்டும் கிடைக்கவில்லை. களிமண் தரைக்காகவாவது கொஞ்சம் பெரிய மட்டையை முயன்று பார்த்திருக்கலாம் என்று ஓய்வுக்குப் பிறகு அவரே சொல்லியிருக்கிறார். அதைச் செய்து காட்டியவர் ரோஜர் ஃபெடரர். பல ஆண்டுகள் 90 சதுர அங்குல மட்டையோடு ஆடியவர். ரஃபேல் நடால் டாப்ஸ்பின் கொடுத்து அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் தோள் உயரத்துக்கு எழுப்பும் பந்துகள் சட்டத்தின் ஓரத்தில் பட்டுச் சிதறும். 2014இல் 97 சதுர அங்குலத்துக்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில், 35 வயதில், அதே நடாலை ஐந்து செட்டில் வென்றார். அன்று அவரைக் காப்பாற்றியது அந்த பேக்ஹேண்ட்தான். 17 பட்டங்கள் வென்ற மனிதரே வயதுக்கும் குறைக்கும் ஏற்பக் கருவியை மாற்றும்போது, நமக்கு அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

நரம்பு செய்த புரட்சி

1997இல் உலகத் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்த குஸ்தாவோ குவேர்ட்டன் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அவருடைய மட்டையில் இருந்தது பாலியெஸ்டர் நரம்பு. வழுவழுப்பானது, விறைப்பானது. பந்து படும்போது வழுக்கி நகர்ந்து திரும்பத் துள்ளும். கவனித்தீர்களா? 1977இல் தடை செய்யப்பட்ட அதே வித்தைதான், விதிக்கு உட்பட்ட உருவில் திரும்ப வந்துவிட்டது. நடாலின் பந்து அப்படிச் சுழல்வதற்கு அவர் தோளும் மணிக்கட்டும் பாதிக் காரணம் என்றால், இந்த நரம்பும் அவருடைய 100 சதுர அங்குல மட்டையும் மீதிக் காரணம். 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் அவரும் கார்லோஸ் மோயாவும் ஏறத்தாழ 4 மணி நேரம் ஆடிய அரையிறுதியை நேரில் பார்த்தவர்கள் நம் வளாகத்திலேயே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், இன்னும் வாய் ஓயாமல் சொல்வார்கள்.

ஆனால் பாலியெஸ்டருக்கு ஒரு செலவுக் கணக்கு உண்டு. விறைப்பான நரம்பு அதிர்ச்சியை உள்வாங்காது, கைக்கு அனுப்பிவிடும். இழுவிசையும் சீக்கிரம் தளர்ந்துவிடும். தொழில்முறை வீரர்கள் அன்றாடம் நரம்பு மாற்றுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் பிசியோதெரபியும் கூடவே வருகின்றன. நாம் நரம்பு அறுந்தால்தான் கடைக்குப் போகிறோம்.

நம் வளாகத்தில் 50 வயதைத் தாண்டிய நண்பர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை இரட்டையர் ஆட்டத்துக்குத் தவறாமல் வருபவர். ஒரு நட்சத்திர வீரரின் மாடல் என்று சொல்லி மகன் வாங்கிக் கொடுத்த கனமான மட்டையில், முழுக்க பாலியெஸ்டர் நரம்பை இறுக்கிக் கட்டி ஆடினார். நான்காம் மாதம் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. காபி டம்ளரைத் தூக்க இடது கை தேவைப்பட்டது. பேத்தியைத் தூக்க முடியவில்லை என்றபோதுதான் அவர் குரல் உடைந்தது. மருத்துவர் பெயர் சொன்னார்: டென்னிஸ் எல்போ. 2004இல் சச்சின் டெண்டுல்கரை மாதக்கணக்கில் வெளியே உட்கார வைத்த அதே வலி. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் முழங்கையில் சேரும் இடம் திரும்பத் திரும்ப இழுபடுவதால் வருவது. மட்டை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், தவறான வீச்சும் காரணம். ஆனால் கையைக் காப்பாற்றப் பிறந்த கருவி கையை வாங்கிக்கொள்ளக் கூடாது அல்லவா?

சரி, நமக்கு எது?

கடைக்குப் போகும் முன் உங்களையே நேர்மையாகத் தணிக்கை செய்துகொள்ளுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

உங்கள் வீச்சு குறுகியதா, இப்போதுதான் தொடங்குகிறீர்களா, 55 வயதைத் தாண்டி இரட்டையர் ஆட்டம் மட்டும் ஆடுகிறீர்களா? 105 முதல் 110 சதுர அங்குலத் தலை, நரம்பு இல்லாமல் 255 முதல் 280 கிராம் எடை. பந்து ஓரத்தில் பட்டாலும் வலையைத் தாண்டும். இது ஹோவர்ட் ஹெட் நமக்காக எழுதி வைத்த உயில்.

பேஸ்லைனில் நின்று டாப்ஸ்பின் அடிக்கிறீர்களா? 98 முதல் 100 சதுர அங்குலம், 285 முதல் 300 கிராம், 16க்கு 19 என்ற நரம்பு அமைப்பு. இடைவெளி அதிகம் என்பதால் நரம்பு நகர்ந்து சுழற்சி கொடுக்கும். வாரம் மூன்று நாள் ஆடும் இளைஞர்கள் பெரும்பாலோருக்கு இந்த வகை போதும்.

நீண்ட வீச்சு, பலமான தோள், ஆனால் பந்து கோட்டுக்கு வெளியே போகிறதா? 95 முதல் 98 சதுர அங்குலம், 305 கிராமுக்கு மேல், 18க்கு 20 என்ற நெருக்கமான நரம்பு அமைப்பு. இந்த வகைக்கு நம் கோர்ட்டில் தகுதியானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வலைக்கு அருகில் நின்று ஆடப் பிடிக்குமா? மட்டையின் சமநிலையைப் பாருங்கள். 27 அங்குல மட்டையின் நடுப்பகுதியை, அதாவது 13 1/2 அங்குலத்தில், ஒரு விரல் மேல் வைத்துப் பாருங்கள். பிடி பக்கம் சாய்ந்தால் தலை லேசு, வலைக்கு அருகில் சட்டென்று திருப்பலாம். தலைப் பக்கம் சாய்ந்தால், லேசான மட்டையிலும் அடிக்குக் கொஞ்சம் கனம் கிடைக்கும்.

பிடியின் அளவை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கி வருகிறோம். மட்டையைப் பிடித்த கையின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்த இடமே இல்லை என்றால் பிடி சிறியது, இறுக்கிப் பிடித்துப் பிடித்து முழங்கை வலிக்கும். எல்-1, எல்-2, எல்-3 என்று 1/8 அங்குல வித்தியாசத்தில் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சிறியதை வாங்கி மேலே ஓர் உறை சுற்றிக்கொள்ளலாம். பெரியதைச் சிறியதாக்குவது கடினம்.

நரம்பு விஷயத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கைவலி உள்ளவர்களுக்கும் என் யோசனை: பாலியெஸ்டர் வேண்டாம். மென்மையான நைலான் இழை நரம்பு போதும். எத்தனை பவுண்ட் இழுவிசை வரை கட்டலாம் என்று மட்டைச் சட்டத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதில் கீழ்ப்பகுதியைச் சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். தளர்வாகக் கட்டினால் பந்துக்கு வேகமும் கைக்குச் சுகமும் கிடைக்கும். இறுக்கமாகக் கட்டினால் கட்டுப்பாடு கிடைக்கும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருடத்துக்கு அத்தனை முறை நரம்பு மாற்றுங்கள் என்பது பழைய வழக்கு. அதுவே நல்ல கணக்கு.

குழந்தைகளுக்கு "வளர்ந்ததும் சரியாகிவிடும்" என்று பள்ளிச் சீருடை தைப்பது போலப் பெரிய மட்டை வாங்காதீர்கள். 19, 21, 23, 25, 26 அங்குலம் என்று உயரத்துக்கேற்பக் கிடைக்கிறது. குழந்தை கையைத் தொங்கவிட்டு மட்டையைப் பிடிக்கும்போது நுனி தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும். பந்தும் அப்படித்தான். 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று 2012 முதல் உலகக் கூட்டமைப்பின் விதியே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாங்கும் முன் ஆடிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. நிர்வாகக் குழுவிடம் பேசிவிட்டேன். கிளப் அறை அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்கும் மட்டைகளை, எடையும் தலையின் அளவும் எழுதிய சீட்டு ஒட்டி, அங்கே வையுங்கள். என்னுடைய இரண்டு மட்டைகளை அடுத்த திங்களன்று வைத்துவிடுகிறேன். ஒன்று 107 சதுர அங்குலம், இன்னொன்று 98. வேண்டியவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய் ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த வேலை எனக்குப் பழக்கம்தான்.

சந்தேகம் இருந்தால் சனி, ஞாயிறு காலை 6 மணிக்குக் கோர்ட்டுக்கு வாருங்கள், பேசுவோம். நல்ல ஆட்டமும் நல்ல முழங்கையும் எல்லோருக்கும் வாய்க்கட்டும்.